ஒப்பந்தங்களில் வரும் ‘ஷல்’ என்னும் ஆங்கில வினையைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

மேட்டுத்தெரு (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் புதிதாகக் கான்கிரீட் தளம் போடுவதற்கு ஓர் ஒப்பந்தம் தயாராகி வருகிறது. வரைவு ஆங்கிலத்தில் இருக்கிறது. சங்க உறுப்பினர்களில் பலர் தமிழில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவதாகச் சொல்லிவிட்டதால், அதைத் தமிழில் ஆக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கலைச்சொற்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். ஒரே ஒரு சின்ன வினைச்சொல்தான் பக்கத்துக்குப் பக்கம் வழிமறிக்கிறது. அது ‘ஷல்’. நான்கு வாக்கியங்களை மட்டும் இங்கே தருகிறேன்.

(அ) ‘தி கான்ட்ராக்டர் ஷல் க்யூர் தி ஸ்லாப்.’
(ஆ) ‘பேமென்ட் ஷல் பி மேட் வித்தின் தர்ட்டி டேஸ்.’
(இ) ‘திஸ் அக்ரிமென்ட் ஷல் கம் இன்டு ஃபோர்ஸ் ஆன் தி டேட் ஆஃப் சிக்னிங்.’
(ஈ) ‘எனி டிஸ்ப்யூட் ஷல் பி ரெஃபர்ட் டு ஆர்பிட்ரேஷன், இஃப் போத் பார்ட்டீஸ் அக்ரீ.’

எல்லா இடத்திலும் ‘வேண்டும்’ என்று போட்டால் முதல் வாக்கியம், ‘ஒப்பந்ததாரர் தளத்தை க்யூர் செய்ய வேண்டும்’ (அதாவது ஈரமாக வைத்து இறுக விட வேண்டும்) என்று சரியாக வருகிறது. மூன்றாவது, ‘இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வர வேண்டும்’ என்று ஆகி, சாமிக்கு நேர்ந்துகொள்வதைப் போல ஒலிக்கிறது. நான்காவதோ தகராறை நடுவர் தீர்வுக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரைக் கொண்டு தீர்ப்பதற்கு) அனுப்பக் கட்டாயப்படுத்துகிறது, ‘இரு தரப்பும் சம்மதித்தால்’ என்று அதே வாக்கியத்தில் விட்டும் விடுகிறது. பள்ளியில் ‘ஐ, வீ’ என்பவற்றுக்குப் பின் ‘ஷல்’ வரும், மற்றவற்றுக்குப் பின் ‘வில்’ வரும் என்று படித்த நினைவு மட்டும் இருக்கிறது. அந்த விதியை வைத்துப் பார்த்தால் இந்த நான்கில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வகுப்பறை:

ஐயா, ஆங்கில இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அந்தப் பள்ளி விதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

‘தன்மையில் ஷல், முன்னிலையிலும் படர்க்கையிலும் வில்’ என்பதை எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ் என்னும் கணிதப் பேராசிரியர். 1653-இல், அயல்நாட்டார் ஆங்கிலம் கற்பதற்காக, இலத்தீன் மொழியில் அவர் எழுதிய இலக்கணத்தில் அந்த விதி இருக்கிறது. அதாவது, அயலாருக்கு எளிதாக இருக்கட்டும் என்று வகுத்த ஒன்றைப் பிற்கால ஆசிரியர்கள் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே பிரம்பைக் காட்டிப் புகட்டினார்கள். அதன் மறுபாதி, தன்மையில் ‘வில்’ வந்தாலும் மற்ற இடங்களில் ‘ஷல்’ வந்தாலும் பேசுபவருடைய உறுதியையோ ஆணையையோ காட்டும் என்பது. ஆற்றில் விழுந்த ஒருவன் இரண்டையும் மாற்றிச் சொல்லிக் கூவியதால், ‘நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்று பொருள்பட்டு, கரையில் நின்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற பழைய வேடிக்கைக் கதை இந்த விதியை வைத்துப் பிறந்ததுதான்.

நடைமுறையில் ஆங்கிலேயர்களே இதை ஒரு சீராகப் பின்பற்றியதில்லை. 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில், கடற்கரைகளிலும் வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம் என்று அடுக்கியபோது ‘வீ ஷல்’ என்றுதான் சொன்னார். 1942-இல் பிலிப்பைன்ஸை விட்டு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த தளபதி மக்கார்தர், ‘ஐ ஷல் ரிட்டர்ன்’ என்றார். பள்ளி விதிப்படி இவையெல்லாம் வெறும் எதிர்காலம். கேட்ட எவரும் அப்படிக் கேட்கவில்லை, சபதமாகவே கேட்டார்கள்.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் ‘ஷல்’ உயிரோடு இருக்கும் இடம் கேள்விதான். ‘ஷல் ஐ ஓப்பன் தி விண்டோ?’ என்றால் ‘சன்னலைத் திறக்கட்டுமா?’ என்று பொருள். ‘ஷல் வீ கோ?’ என்றால் ‘போகலாமா?’ என்று பொருள். இரண்டிலும் எதிர்காலச் செய்தி எதுவும் இல்லை. பேசுபவர் எதிரில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்கிறார். நம் மாணவர்கள் இந்த இடத்தில் ‘வில் ஐ ஓப்பன் தி விண்டோ?’ என்று எழுதுவார்கள். அது ‘நான் சன்னலைத் திறப்பேனா?’ என்று சோதிடரிடம் கேட்பதாகிவிடும்.

உங்கள் ஒப்பந்தத்துக்கு உதவக்கூடியது இந்தச் சொல்லின் வேர். பழைய ஆங்கிலத்தில் ‘ஷெயல்’ என்ற வடிவத்துக்குக் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பதே பொருள். கடனுக்கும் குற்றத்துக்கும் ஜெர்மன் மொழியில் இன்றும் வழங்கும் ‘ஷூல்ட்’ என்ற சொல் இதன் உறவு. ‘வில்’ என்பதன் வேர்ப்பொருள் ‘விரும்புதல்’. ஆகவே ஒன்று விருப்பத்திலிருந்து வந்த எதிர்காலம், மற்றது கடனிலிருந்து வந்த எதிர்காலம். பட்ட கடனும் செய்ய வேண்டிய கடமையும் தமிழிலும் ‘கடன்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதால் நமக்கு இது புதிதன்று. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்று அடியில் இருக்கும் கடன்தான், உங்கள் முதல் வாக்கியத்தில் ஒப்பந்ததாரரின் தலையில் இருப்பதும்.

சேலத்துக்காரர்:

அம்மையார் வேரைச் சொன்னது நல்லது. நீதிமன்றத்தில் வேர் செல்லுபடியாகாது என்றாலும், அதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ‘ஷல்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைப் பாருங்கள். அந்த எழுவாய் கடன்படக்கூடிய ஆளா? ஒப்பந்ததாரர் ஆள். சங்கம் சட்டப்படி ஆள். ‘இந்த ஒப்பந்தம்’ ஆள் அன்று, அதற்குக் கடமை எதுவும் இருக்க முடியாது. எனவே உங்கள் மூன்றாம் வாக்கியத்தில் இருப்பது கட்டளை இல்லை, ஓர் அறிவிப்பு. ‘கையெழுத்திடும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று எழுதினால் போதும்.

நமது அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பே இந்த வகைதான். இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று அது ‘ஷல் பி’ போட்டுச் சொல்கிறது. அங்கே யாருக்கும் யாரும் கட்டளையிடவில்லை. இதற்கு நேர்மாறாக 17-ஆம் உறுப்பைப் பாருங்கள். தீண்டாமை ‘ஒழிக்கப்படுகிறது’ என்றும், அதன் எந்த வடிவமும் ‘தடை செய்யப்படுகிறது’ என்றும் நிகழ்காலத்தில் முதலில் வருகிறது. அங்கே ‘ஷல்’ இல்லை. மீறினால் தண்டனைக்குரிய குற்றமாகும் என்ற அடுத்த வாக்கியத்தில்தான் ‘ஷல்’ தலைகாட்டுகிறது. எதிர்காலத்துக்கு ஒத்திப்போட இடமே கொடுக்காத அந்த முதல் வாக்கியத்தின் நடை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

அடுத்து, ‘ஷல்’ என்று எழுதிவிட்டாலே கட்டாயம் என்ற நம்பிக்கை. வழக்குமன்றத்தில் இது நிலைப்பதில்லை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க ‘ஷல்’ என்று அரசமைப்பின் 320-ஆம் உறுப்பு கூறுகிறது. அப்படிக் கலக்காமல் தண்டித்தால் அந்தத் தண்டனை செல்லாதா என்ற கேள்வி 1957-இல், உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஶ்ரீவாஸ்தவா என்பவருக்கும் இடையிலான வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. செல்லும் என்றது நீதிமன்றம். கலந்தாலோசிக்கத் தவறினால் என்ன விளைவு என்பதை அரசமைப்பு சொல்லவில்லை என்பதும், சில இனங்களில் கலந்தாலோசனையே வேண்டாம் என்று விதி செய்துகொள்ள அதே உறுப்பு இடம் தருகிறது என்பதும் அதற்கான காரணங்களுள் முக்கியமானவை. ஆக, அந்த ‘ஷல்’ நெறிப்படுத்தும் ‘ஷல்’ ஆயிற்று, கட்டுப்படுத்தும் ‘ஷல்’ ஆகவில்லை.

எங்கள் ஊர் பெயர் தாங்கிய வழக்கு ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளை, முதல் விதிப்படி, பிரதிவாதி 30 நாளுக்குள் எதிர்வழக்குரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய ‘ஷல்’. நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து நீட்டித்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், விதிவிலக்கான சூழலில் 90 நாளுக்குப் பிறகும் அனுமதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது, வணிக வழக்குகளுக்கு 120 நாள் என்று வைத்து, அதைத் தாண்டினால் தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும், நீதிமன்றம் அதைக் கோப்பில் ஏற்கவும் கூடாது என்று சேர்த்து எழுதினார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் இது கண்டிப்பான வரம்பு என்று கூறிவிட்டது. இரண்டு இடத்திலும் வினை ஒன்றே. தவறினால் என்ன ஆகும் என்று எழுதியிருந்ததுதான் இரண்டையும் வேறாக்கியது.

உங்கள் நான்காம் வாக்கியம் அபாயமானது, அதற்கு ஒரு முன்னுதாரணமே உண்டு. ஒரு கூட்டாண்மைப் பத்திரத்தில், கூட்டாளிகள் அவ்வாறு தீர்மானித்தால் தகராறு நடுவர் தீர்வுக்கு அனுப்பப்பட ‘ஷல்’ என்று இருந்தது. ஜகதீஷ் சந்தர் எதிர் ரமேஷ் சந்தர் என்ற அந்த வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், இது நடுவர் தீர்வு உடன்படிக்கையே ஆகாது, பிற்காலத்தில் வேண்டுமானால் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்பதற்கான விருப்பக் குறிப்பு மட்டுமே என்று சொன்னது. ‘இரு தரப்பும் சம்மதித்தால்’ என்ற வால் அந்த ‘ஷல்’லின் உயிரை எடுத்துவிடுகிறது.

ஜல்லியும் மணலும்:

கட்டுமானத் துறையில் இருப்பவன். சட்டம் எனக்குத் தெரியாது, முதல் வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. உங்கள் ஒப்பந்தம் அதைத்தான் மேற்கோள் காட்டியிருக்கும். அதில் க்யூரிங் பற்றிய ஒரே பத்தியில் இரண்டு வகையான வினை வருகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாளும் கான்கிரீட்டின் வெளிப்பரப்பை ஈரமாக வைத்திருக்க ‘ஷல்’. வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடத்தில் 10 நாளுக்குக் குறையாமல் இருக்க ‘ஷல்’. பிறகு, கலப்பு சிமென்ட் என்றால் இந்தக் குறைந்தபட்ச நாட்களை 14 வரை நீட்டிக்க ‘மே’ (நீட்டிக்கலாம்) என்று ஒரு பரிந்துரை.

இதைப் படிக்கத் தெரியாததால் தளத்தில் நடக்கும் வாக்குவாதம் கொஞ்சநஞ்சம் அன்று. வீட்டுக்காரர் 14 நாள் கேட்பார், மேஸ்திரி 7 நாள் போதும் என்பார், இருவரும் அதே பத்தியைக் காட்டுவார்கள். கடையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த சிமென்ட், அதாவது கலப்பு சிமென்ட் என்பதால், 7 என்ற எண்ணுக்கு உங்கள் மாடியில் வேலையே இல்லை. மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 நாள் என்பது ‘ஷல்’, அதற்கு மேல் கேட்பது உங்கள் பேச்சுத் திறமை. 14 நாள் வேண்டும் என்றால் தர நிர்ணயத்தை நம்பாமல் ஒப்பந்தத்திலேயே 14 என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. ‘க்யூர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், காலையில் ஒரு குழாய்த் தண்ணீர் பீய்ச்சிவிட்டு அதுவும் க்யூரிங்தான் என்பார்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மேட்டுத்தெரு:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. ‘ஷல்’ இவ்வளவு வழுக்குகிறது என்றால், கட்டாயத்துக்கு ‘மஸ்ட்’ என்றே எழுதிவிடலாமே? ஆங்கில வரைவையும் சேர்த்துத் திருத்தினால் என்ன?

நிரல்மொழி:

இந்தக் கேள்வியில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

ஒரு பக்கம் சட்ட வரைவாளர்கள். தென்னாப்பிரிக்கா 1996-இல் இயற்றிய அரசமைப்பில் ‘ஷல்’லை விலக்கிக் கடமைகளை ‘மஸ்ட்’ என்று எழுதியது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் நடை திருத்தியபோது ‘ஷல்’லை நீக்கி, இடத்துக்கு ஏற்றபடி ‘மஸ்ட்’, ‘மே’, ‘ஷுட்’ என்று போட்டார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நாடாளுமன்ற வரைவாளர்கள் இப்போது அதைத் தவிர்க்கவே பார்க்கிறார்கள்.

மறுபக்கம் தர நிர்ணய அமைப்புகள். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் எழுத்து விதிப்படி, ‘ஷல்’ என்றால் நிபந்தனை, ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் இயலுமை. ‘ஷல்’லுக்குப் பதிலாக ‘மஸ்ட்’ போடக் கூடாது என்றே அங்கே இருக்கிறது. ஒரு தரத்தின் நிபந்தனையையும், நாட்டுச் சட்டம் வெளியிலிருந்து விதிக்கும் கட்டாயத்தையும் வாசகர் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் மூன்றாவது வழி கண்டார்கள். 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணத்தில் ‘மஸ்ட்’, ‘ரிக்வயர்ட்’, ‘ஷல்’ மூன்றும் ஒன்றே என்று வரையறுத்துவிட்டார்கள். ஆனாலும் சாதாரண வாக்கியத்தில் தற்செயலாக வரும் இதே சொற்களும் கட்டளையா என்ற ஐயம் நீடித்தது. பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017-இல் இன்னோர் ஆவணம் போட்டுத்தான் அதைத் தீர்த்தார்கள்.

என் கருத்து: எந்தச் சொல்லை எடுத்தாலும், அதன் பொருளை ஆவணத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் வரையறுத்துவிட்டு, வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தாமல் இருந்தால் சிக்கல் தீர்ந்தது.

சேலத்துக்காரர்:

வரையறை நல்ல யோசனைதான், அதை நம் நாட்டுச் சட்டமே 1872-இலிருந்து செய்திருக்கிறது. ‘மே பிரிஸ்யூம்’, ‘ஷல் பிரிஸ்யூம்’ என்ற இரண்டையும் சாட்சியச் சட்டம் தனித்தனியே வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அதைத் தக்கவைத்திருக்கிறது. முன்னதில் நீதிமன்றம் ஒன்றை மெய்யென ஊகித்துக்கொள்ளலாம், அல்லது ஆதாரம் கேட்கலாம். பின்னதில் பொய்யென நிரூபிக்கப்படும் வரை மெய்யென்றே கொள்ள வேண்டும். காசோலை திரும்பிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் முதல் நாளிலேயே பாதி தோற்ற முகத்தோடு நிற்பது இந்த ‘ஷல் பிரிஸ்யூம்’ வகையால்தான். கடனுக்காகவே காசோலை கொடுக்கப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு ஊகிக்கச் சொல்கிறது.

ஆனால் நிரல்மொழி அவர்களே, உங்கள் முடிவு கொஞ்சம் அவசரமானது. ‘மஸ்ட்’ போட்டால் நீதிபதி அதை நெறிப்படுத்துவதாகப் படிக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ‘ஷல்’லின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் தீர்ப்புகள் குவிந்திருப்பதால் அதன் பலவீனம் வெளியே தெரிகிறது, அவ்வளவே.

சொல்லின் எடை அறிந்து பேரம் பேசுவோர் இதைச் சும்மா விடுவதில்லை என்பதற்கு பாரிஸ் பருவநிலை உடன்பாடு சாட்சி. 2015 டிசம்பர் 12 அன்று, இறுதி வரைவின் நான்காம் உறுப்பில், வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுமைக்குமான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை ஏற்று முன்னின்று நடத்த ‘ஷல்’ என்று இருந்தது. அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சொல் நின்றால் உடன்பாட்டைத் தங்கள் செனட் அவையின் ஒப்புதலுக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும் என்பது அவர்களுடைய கவலை. கடைசியில் எழுத்துப் பிழைத் திருத்தங்களோடு ஒன்றாக ‘ஷல்’, ‘ஷுட்’ ஆக்கப்பட்டது. கூடியிருந்த ஏறத்தாழ இருநூறு தரப்புகளும் அதை ஏற்றுக்கொண்டன.

கரிசல்காடு:

பாரிஸ் வரை போய்விட்டீர்கள். இந்தச் சொல்லுக்காகத் தமிழ்நாடு மல்லுக்கட்டிய கதையை விட்டுவிட்டு இந்த இழை நகரலாமா?

அரசமைப்பின் 343-ஆம் உறுப்பு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி ஆக்கியபோது, 15 ஆண்டுக்கு ஆங்கிலம் தொடர ‘ஷல்’ என்றது. அதற்குப் பின் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் செய்ய ‘மே’ என்றது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் துணைமொழியாகத் தொடரும் என்று 1959-இல் நேரு மக்களவையில் உறுதி கூறினார். அந்த உறுதியைச் சட்டமாக்கவென்றே 1963-இல் அலுவல் மொழிகள் மசோதா வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் இருந்தது ‘மே’. இந்தியுடன் கூடுதலாக ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’.

தி.மு.க. உறுப்பினர்கள் அந்த ஒற்றை வினையைப் பிடித்துக்கொண்டார்கள். ‘லாம்’ என்றால் விடவும் செய்யலாம் என்பதுதானே? இந்த இடத்தில் ‘மே’ என்பதும் ‘ஷல்’ என்பதும் ஒன்றே என்று நேரு விளக்கம் அளித்தார். இரண்டும் ஒன்றென்றால் ‘ஷல்’ என்றே எழுதிவிடுவதில் என்ன தடை என்பது எதிர்க்கேள்வி. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா அங்கே மசோதாவை எதிர்த்து வாதாடினார். சொல் மாறாமலே மசோதா நிறைவேறியது. பிறகு 1965 சனவரியில் இங்கே தெருவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

பலரும் கவனிக்காத பகுதி 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம். முதல் உட்பிரிவில் அந்த ‘மே’ இன்றும் அப்படியே இருக்கிறது. போய்ப் பார்க்கலாம். ஆனால் அதன் கீழே, இந்தியை அலுவல் மொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட ‘ஷல்’ என்று ஒரு வரம்புரை சேர்க்கப்பட்டது. ஐந்தாம் உட்பிரிவில், அப்படிப்பட்ட எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் போட்டு, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும் வரை, இந்த ஏற்பாடு நடப்பில் இருக்க ‘ஷல்’ என்று வந்தது. வினையை விட, என்ன நடந்தால் என்ன ஆகும் என்று எழுதியிருப்பதே முக்கியம் என்று சேலத்து ஐயா சொன்னது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘மே’யை ‘ஷல்’ ஆக்கியிருந்தால் மட்டும் போதியிருக்குமா என்பது ஐயமே. யார் தீர்மானித்தால் ஆங்கிலம் போகும் என்பதை எழுதி, சாவியை நம் சட்டமன்றத்திடமும் கொடுத்ததுதான் பலம்.

1976-இன் அலுவல் மொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்த ‘ஷல்’ என்று தொடங்குவதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

வடமராட்சி:

கரிசல்காடு அண்ணா, எங்கள் பக்கத்துக் கதையில் ‘ஷல்’ எதிர்த் திசையில் இருந்து வந்தது. 1956-ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சில வரிகளே கொண்டது. சிங்களம் இலங்கையின் ஒரே அரசகரும மொழியாக இருக்க ‘ஷல்’ என்று அது கூறிற்று. உடனே நடைமுறைப்படுத்த முடியாத இடங்களில் 1960 முடிவு வரை முன்னைய மொழிகளைப் பயன்படுத்த ‘மே’ என்ற சலுகையும் அதிலேயே இருந்தது. 1987-இல் 13-ஆவது திருத்தம் அரசியலமைப்பின் 18-ஆம் உறுப்பில் ஒரு வரியைச் சேர்த்தது: தமிழும் ஓர் அரசகரும மொழியாக இருக்க ‘ஷல் ஆல்சோ பி’. சேலத்து ஐயாவின் சோதனையை இங்கே போட்டால், இது அறிவிப்பு வகை. இன்ன அலுவலகம் இன்ன கடிதத்தைத் தமிழில் அனுப்பக் கடமைப்பட்டது என்று அந்த வரி தானாகச் சொல்லவில்லை. கடமைகள் வேறு உறுப்புகளில் இருக்கின்றன. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தோடு அரச கந்தோர் (அலுவலக) வாசலில் நின்றவர்களுக்கு அறிவிப்புக்கும் கடமைக்கும் இடையிலான தூரம் தெரியும்.

மொழிபெயர்ப்புக்கு உதவக்கூடிய ஒன்று: எங்கள் சட்டத் தமிழில் ‘ஷல் பி’ என்பதை ‘ஆதல் வேண்டும்’ என்று எழுதுவது வழக்கம். சீராக இருக்கிறது என்பது அதன் நன்மை. அறிவிப்பையும் கட்டளையையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவது அதன் குறை. மேட்டுத்தெரு ஐயாவுக்கு மூன்றாம் வாக்கியத்தில் வந்த சங்கடம் எங்கள் சட்டப் புத்தகங்களில் நிறையவே உண்டு.

வகுப்பறை:

தமிழில் இதற்கு முன்பே ஒரு வடிவம் இருந்தது, ‘கடவது’. பழைய கடன் பத்திரங்களில் ‘வட்டியும் முதலுமாகச் செலுத்தக் கடவேன்’ என்று எழுதுவார்கள். எழுவாய்க்கு ஏற்பக் கடவேன், கடவாய், கடவர் என்று மாறுவதால், யார் கடன்பட்டவர் என்பதை வினையே சொல்லிவிடும். விவிலியத் தமிழும் இதை எடுத்துக்கொண்டது. ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்பது அனைவரும் அறிந்த தொடர். ஆனால் பத்துக் கட்டளைகளில், 1611-இன் ஆங்கில விவிலியம் ‘தௌ ஷல்ட் நாட்’ என்று சொல்லும் இடத்தில், தமிழ் ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்று வியங்கோளாக வருகிறது. கட்டளையை வாழ்த்தின் இலக்கணத்தில் சொல்லும் அந்த நயம் எனக்குப் பிடிக்கும். இன்றைய ஒப்பந்தத்தில் ‘கடவது’ எழுதச் சொல்ல மாட்டேன், படிப்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

எதிர்மறைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ‘ஷல் நாட்’ என்றால் ‘கூடாது’. அதை ‘வேண்டியதில்லை’ என்று மாற்றிவிடாதீர்கள், அது ‘நீட் நாட்’. ‘மே நாட்’ வந்தால் நின்று படியுங்கள். சில இடத்தில் ‘கூடாது’, சில இடத்தில் ‘நிகழாமலும் போகலாம்’. தமிழின் ‘லாம்’ என்ற விகுதிக்கும் அதே இரட்டைத்தன்மை உண்டு. ‘சங்கம் தொகையை நிறுத்தி வைக்கலாம்’ என்பது அனுமதியா, நடக்கக்கூடியதைப் பற்றிய ஊகமா என்று தெரியாது. ‘நிறுத்தி வைக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு’ என்று எழுதினால் ஐயம் இல்லை.

மேட்டுத்தெரு:

எல்லாவற்றையும் படித்த பின் நான்கு வாக்கியங்களையும் இப்படி எழுதியிருக்கிறேன்.

(அ) தளம் போட்ட மறுநாளிலிருந்து 14 நாள், தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைக்க ஒப்பந்ததாரர் கடமைப்பட்டவர். தவறினால் அந்தப் பகுதிக்கான தொகையை நிறுத்தி வைக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு.

(ஆ) பட்டியல் (பில்) கிடைத்த 30 நாளுக்குள் சங்கம் தொகையைச் செலுத்த வேண்டும்.

(இ) இந்த ஒப்பந்தம் கையெழுத்திடும் நாளில் நடைமுறைக்கு வரும்.

(ஈ) இந்த ஒப்பந்தம் தொடர்பான எந்தத் தகராறும் சங்கத் தலைவர் நியமிக்கும் ஒரு நடுவரின் தீர்வுக்கு அனுப்பப்பட வேண்டும்.

இரண்டாவதில் ஆங்கில வரைவு யார் செலுத்துவது என்று சொல்லவே இல்லை. ‘செலுத்தப்பட வேண்டும்’ என்று நானும் மழுப்பியிருக்கலாம். சங்கம் என்று எழுத்தில் போட்டதும் எங்கள் பொருளாளர் முகம் சற்று மாறியது உண்மை. நான்காவதில் ‘சம்மதித்தால்’ என்ற வாலை வெட்டிவிட்டேன்.

ஜல்லியும் மணலும்:

முதலாவதில் ‘மறுநாளிலிருந்து’ சரி. ஆனால் போட்ட அன்றே வெயில் கடுமையாக இருந்தால் மேற்பரப்பு வெடிக்கும். இறுகத் தொடங்கியதும் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். தண்ணீரும் மின்சாரமும் யார் தருவது என்பதையும் எழுதுங்கள். பாதி சண்டை அங்கேதான் வரும்.

சேலத்துக்காரர்:

நான்காவதை மறுபடி திருத்த வேண்டும். தகராறில் ஒரு தரப்பாக இருக்கும் சங்கத்தின் தலைவரே தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிப்பது செல்லாது என்பது 2019-இல் உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொன்னதிலிருந்து தெளிவு. ‘இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஒரு நடுவரின் தீர்வுக்குத் தரப்பினர் கட்டாயமாக அனுப்ப வேண்டும், 30 நாளுக்குள் நடுவர் பெயரில் உடன்பாடு ஏற்படாவிட்டால், எந்தத் தரப்பும் நடுவரை நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தை நாடலாம்’ என்று எழுதுங்கள். அந்தக் கடைசி ‘லாம்’ அப்படியே இருக்கட்டும், அது உண்மையிலேயே உரிமை. ஆங்கிலப் படிக்கும் தமிழ்ப் படிக்கும் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தின் கடைசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இந்தத் தமிழ் வடிவம் வெறும் படிப்பதற்கான தாளாகிவிடும். கூட்டம் எப்போது?

மேட்டுத்தெரு:

வருகிற ஞாயிற்றுக்கிழமை. அந்த வரி இல்லை, ஐயா. இரண்டையும் இன்றிரவே சேர்த்து, ஆங்கில வரைவையும் அதற்கு ஏற்பத் திருத்திக் கொடுக்குமாறு ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.